வெட்டுப்படாத சங்கிலி

ஐதராபாத்
11.7.1998

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். இன்று நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

இன்று வாரக் கூட்டத்தில் எங்கள் கைடு திரையில் ஒரு படம் காட்டினார். இடது பக்கம் சாதாரண ஆர்.என்.ஏ. என்சைம் ஊற்றிய சற்று நேரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. வலது பக்கம் எங்கள் ஆய்வகத்தில் மாற்றம் செய்து கட்டிய ஆர்.என்.ஏ. அதே என்சைமில் இரவெல்லாம் கிடந்தும் பாதிக்கு மேல் வெட்டுப்படாமல் இருந்தது. உடம்புக்குள் போனதும் வெட்டுப்பட்டு வீணாகும் பொருளை வெட்டுப்படாமல் செய்துவிட்டால் அது மருந்தாகும் என்று உலகமெங்கும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். நாம் செய்துவிட்டோம் என்றார் கைடு. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எழுந்து நின்று கைடிடம் நான் சொல்லாதவை இவை. அந்த ஆர்.என்.ஏ. சங்கிலியில் சேர்த்த யூரிடின் என்ற புதுப் பொருள், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை மெத்தனாலில் கிடந்தது. அப்படி வைத்தவர்கள் நானும் பூமிநாதனும். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான், சார். மெத்தனாலில் வைத்தால் அது மாறிப்போகும் என்று பழைய கட்டுரை ஒன்றில் இருக்கிறது. நேற்றுத்தான் நூலகத்தில் படித்தேன்.

'யாருக்காவது சந்தேகம் உண்டா?' என்று கைடு கேட்டார். கேட்ட முகத்தில் சந்தேகத்துக்கு இடம் இல்லை.

பூமிநாதனை உனக்குத் தெரியாது. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர். நம் பேச்சைப் பேச இங்கே இருக்கிற ஒரே வாய். வெளியே வரும்போது, "என்னாத்தா, கை தட்டுறப்பவே கணக்குப் போடுற மூஞ்சியா இருக்கு?" என்றார். சும்மா என்றேன்.

இதை வாப்பாவின் கடைக்கு போன் செய்து பேச முடியாது. கயிறு வாங்க வந்தவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். வாப்பாவிடம் சொல்லாதே. உம்மாவின் கால்வலி எப்படி? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? சவூதியிலிருந்து, தம்மாமில் இருக்கும் மச்சானின் கடிதம் வந்ததா?

காலிதா

*

பெரியபட்டினம்
26.7.1998

தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாமும் துஆவும்.

உம்மாவின் கால் அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. மச்சான் ரமலானுக்கு வருவதாக எழுதியிருக்கிறார். போன ரமலானுக்கும் அப்படித்தான் எழுதினார்.

கடைக்கு நைலான் கயிறு வாங்க வருகிற ஒருவரையும் வாப்பா விடுவதில்லை. "எம்மவ மருந்து செய்யிறா, தெரியும்ல? ரெண்டு வருசத்துல டாக்டர் பட்டம்." நேற்று ஒருவர் தன் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லி என்னிடம் சீட்டு நீட்டினார். அவள் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, மருந்து கண்டுபிடிக்கிற டாக்டர் என்றேன். "அப்ப இன்னும் கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மெத்தனாலில் கிடந்தால் என்ன ஆகும்? நானும் பி.எஸ்சி. படித்தவள்தான், ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்துகிறவள்தான். எனக்குப் புரிகிறபடி எழுது. எனக்குப் புரியும்படி எழுத முடிந்தால் கூட்டத்திலும் சொல்ல முடியும்.

இங்கே ஒரு கூத்து. அலியார் மகன் முஹைதீன், வள்ளத்து முதலாளி என்றும் பாராமல், கரையில் வைத்து சம்மாட்டியை எதிர்த்துப் பேசிவிட்டான். வலை கிழிந்ததற்கு இவன் கூலியைப் பிடித்திருக்கிறார். அது நைந்த வலை, ஊருக்கே தெரியும். மறுநாள் வாப்பாவே அலியாரைக் கூட்டிக்கொண்டு சம்மாட்டி வீட்டுக்குப் போய், பையன் தெரியாமல் பேசிட்டான், மாப்புச் செய்யுங்க என்று கேட்க வைத்துவிட்டு வந்தார். தேத்தண்ணி குடித்தார்கள். கூலியும் திரும்பி வந்துவிட்டது. யார் சொன்னது சரி என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

சாப்பிடு. எழுது.

நூர் நிஷா

*

ஐதராபாத்
20.8.1998

ராத்தா,

நலம். உன் ஒன்பதாம் வகுப்பை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆர்.என்.ஏ. ஒரு சங்கிலி. அதைக் கண்ணி கண்ணியாகக் கோக்கிறோம். யூரிடின் அப்படி ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சர்க்கரை வளையம் உண்டு, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைகள். இரண்டாம் எண் கை, மூன்றாம் எண் கை என்போம். அடுத்த கண்ணியை மூன்றாம் கைதான் பிடிக்க வேண்டும். இரண்டாம் கை சும்மா இருக்க வேண்டும். சொன்னால் கேட்காது, ஆகவே அதற்கு ஓர் உறை மாட்டுகிறோம். 'சிலில்' என்று அதற்குப் பெயர். சங்கிலி முழுவதும் கட்டி முடித்தபின் எல்லா உறைகளையும் கழற்றிவிடுவோம்.

இந்த உறைக்கு ஒரு குணம். மெத்தனாலில், அதுவும் கொஞ்சம் காரம் கலந்த மெத்தனாலில் கிடந்தால், இரண்டாம் கையை விட்டு மூன்றாம் கைக்குத் தாவிவிடும். உறை இல்லாத இரண்டாம் கை அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். எடை போட்டால் தெரியாது. நிறத்தில் தெரியாது. ஆனால் ஆர்.என்.ஏ.யை வெட்டுகிற என்சைம் சரியான முடிச்சை மட்டுமே வெட்டும். தப்பான முடிச்சை அதற்கு வெட்டத் தெரியாது. கைடு கண்ட அதிசயம் அவ்வளவுதான். அவர் வடிவமைத்த மாற்றம் எதையும் காப்பாற்றவில்லை. நாங்கள் முடிச்சைத் தப்பாகப் போட்டிருக்கிறோம்.

ஏன் இப்படி ஆயிற்று தெரியுமா? கைடு டி.என்.ஏ. கட்டிப் பெயர் வாங்கியவர். டி.என்.ஏ.யின் சர்க்கரையில் அந்த இரண்டாம் கையே கிடையாது. அங்கே மெத்தனாலால் ஒரு கெடுதலும் இல்லை. கடைசிச் சொட்டுவரை மெத்தனால் விட்டுக் கழுவிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வை, வீணாக்காதே – எங்கள் ஆய்வகத்தில் நுழைகிற எவருக்கும் முதல் நாள் பாடம் இது. ஆர்.என்.ஏ.க்கு மாறினோம், பழக்கத்தை மாற்றவில்லை.

பழைய குப்பியில் மிச்சம் இருந்த யூரிடினை என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பிறகு மெத்தனாலைத் தொடாமல், டைகுளோரோமீத்தேனில் கழுவி, அன்றே உலர்த்தி, புதிதாக ஒரு சங்கிலி கட்டினேன். என்சைம் ஊற்றினேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் துண்டு துண்டு.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குப் போனேன்.

"யாரைக் கேட்டுச் செய்தாய்?"

"சரிபார்க்கத்தான், சார்."

"என்னைச் சரிபார்க்கவா?" படங்களை அவர் கையில் வாங்கக்கூட இல்லை. "ஒருமுறை வெட்டுப்பட்டால் அது உன் வேலையின் லட்சணம். என் முடிவு இல்லை. போய் முன்பு செய்ததுபோல் செய்."

இப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை பயத்தால் இல்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று இருந்தது.

காலிதா

*

பெரியபட்டினம்
8.9.1998

காலிதா,

இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர. உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு ரத்தக்கொதிப்பு. படத்தைக் கையில் வாங்கக்கூட மாட்டானாமா? வெற்றிலை எச்சிலா நீட்டினாய்?

என் வகுப்பில் ஒருத்தி டைட்ரேஷன் அளவைப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாலே நிற்க வைக்கிறேன். இவருக்கு யார் இருக்கிறார்கள் நிற்க வைக்க?

நான் சொல்வதைக் கேள். திரும்பத் திரும்பச் செய். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வந்தால் கூட்டத்தில் வைத்துப் பேசு. அறைக்குள் போய்ச் சொல்லாதே. அறைக்குள் சொன்ன உண்மைக்குச் சாட்சி கிடையாது. பட்டம் தாமதமானால் ஆகட்டும். உனக்கு முன்னாலே படித்தவள் நான், பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட்டேன்?

வாப்பாவிடம் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

நூர் நிஷா

*

ஐதராபாத்
17.10.1998

ராத்தா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைக் கேட்காதே.

நீ சொன்னபடி கூட்டத்தில் வைத்தேன். மூன்று முறை செய்ததையும் வரிசையாகப் போட்டேன். பேசி முடித்ததும் கைடு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நன்றி. அடுத்து யார்?" என்றார். அடுத்தவர் எழுந்து வேறு எதையோ பேசத் தொடங்கினார். பொய் என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். ஒருவரும் எதுவுமே சொல்லவில்லை, ராத்தா.

போன வாரம் கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பிவிட்டார்கள். யூரிடினைச் செய்து கொடுத்தது நான், பாதிச் சங்கிலிகளைக் கட்டியது நான். என் பெயர் இல்லை. முதல் பெயர் பூமிநாதன். பொய்யில் பங்கு கிடைக்கவில்லை என்றா அழுகிறாய் என்று கேட்பாய். அதுவும் நியாயந்தான். இருந்தாலும் என் உழைப்பை என்னிடம் கேட்காமல் துடைத்துவிட்டார்கள்.

கேன்டீனில் பூமிநாதனைப் பிடித்தேன்.

"என்.எம்.ஆர். படத்தை நீங்களும்தானே பார்த்தீங்க?"

"பாத்தேன்."

"அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஏத்தா, இலையில சோத்தைப் போட்டாச்சு. இப்ப வந்து உலையில கல்லு கெடந்துச்சுங்குற. எடுத்து வாயில வச்சவன் என்ன செய்ய? முழுங்க வேண்டியதுதான்."

"துப்பலாம்."

அவர் சிரித்தார். "ஒனக்கென்ன, கடல் காத்து. துப்புனா தூரப் போயிரும். எனக்கு மேலயேதான் விழும்."

சிரிப்பு வரவில்லை. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கைடைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கைடு என்னை அழைத்து, "உன் வீட்டில் பேச வேண்டியிருக்கும்" என்றார். எனக்கு இருபத்தாறு வயது. இங்கே பையன்கள் குடித்துவிட்டு விடுதிக் கதவை உடைத்தபோதுகூட யார் வீட்டுக்கும் போன் போகவில்லை. போன் வந்தால் நீ எடு. வாப்பா எடுக்க வேண்டாம்.

உடனே பதில் போடு.

காலிதா

*

பெரியபட்டினம்
2.12.1998

அன்புத் தங்கைக்கு,

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். பதில் போடத் தாமதம். பள்ளியில் பரீட்சை, இங்கே விடாத மழை. கடல் கொந்தளிப்பு, இரண்டு வாரமாக வள்ளங்கள் இறங்கவில்லை. கடையில் வியாபாரம் இல்லை. வாப்பா போன மாதம் கயிறு கொள்முதலுக்குச் சென்னை போய்விட்டு வந்தார். நல்ல அலைச்சல், சளி பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை.

நீ அங்கே கொஞ்சம் அமைதியாக இரு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திவிட முடியாது. முதலில் பட்டத்தை வாங்கிக்கொள். பிறகு பேசுவதற்கு நிறைய நாள் இருக்கிறது. வேறு செய்தி இல்லை.

உம்மா ஸலாம் சொன்னார்கள்.

நூர் நிஷா

*

ஐதராபாத்
24.2.1999

ராத்தா,

இங்கு நலம். உம்மா, வாப்பா, பிள்ளைகள் நலமறிய ஆவல். மச்சான் வந்தாரா?

டிசம்பரில் நீ எழுதியதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கையெழுத்து உன்னுடையதுதான். 'பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட்டேன்' என்று எழுதியவளும் 'முதலில் பட்டத்தை வாங்கிக்கொள்' என்று எழுதியவளும் ஒருத்திதானா என்றுதான் விளங்கவில்லை. போன் வந்தால் நீ எடு என்று எழுதியிருந்தேன். அதற்கும் பதில் இல்லை.

கட்டுரை வெளிவந்துவிட்டது. இங்கே பத்திரிகையில் படத்தோடு செய்தி. விடுதிப் பெண்கள் என்னை வாழ்த்துகிறார்கள். என் பெயர் இல்லையே என்றால், 'உங்கள் குழுதானே' என்கிறார்கள்.

ஒரு வினோதம். நவம்பரிலிருந்து கைடு என்னிடம் மரியாதையாக நடக்கிறார். திட்டுவதில்லை. வேறு தலைப்பு கொடுத்து, 'அமைதியாக வேலையைப் பார், உன் பட்டத்துக்கு நான் பொறுப்பு' என்கிறார். நேற்று அறைக்குப் போனேன். மேசையில் பனங்கற்கண்டு டின் ஒன்று இருந்தது. நம் ஊரில் கட்டுவதுபோலவே ஓலை சுற்றி, சணலால் கட்டியிருந்தது. இதெல்லாம் இங்கேயும் கிடைக்கிறது போலிருக்கிறது. "இருமலுக்கு நல்லது" என்றார். "உன் தகப்பனார் நல்ல மனிதர்" என்றும் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் போன் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் வேதியியல் இல்லாத அலமாரிப் பக்கம் போய்விடுகிறேன். கதைகளில் பொய் சொல்கிறவர்களுக்காவது தூக்கம் கெடுகிறது.

போன் வந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுது.

காலிதா

*

பெரியபட்டினம்
25.3.1999

காலிதாவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. எல்லோரும் சுகம். மச்சான் வரவில்லை. துணி அனுப்பியிருக்கிறேன், பச்சை உனக்குப் பிடிக்கும். போனதெல்லாம் போகட்டும். உன் வேலையைப் பார்.

நூர் நிஷா

*

ஐதராபாத்
19.8.1999

நூர் நிஷாவுக்கு,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் எங்கள் கட்டுரையில் உள்ளபடி செய்து பார்த்திருக்கிறது. வரவில்லை. அவர்கள் எங்களிடம் மூலப்பொருள் வாங்கிச் சோதித்து, 'உங்கள் யூரிடினில் உறை இடம் மாறியிருக்கிறது' என்று இதழுக்கு எழுதிவிட்டார்கள். போன வருஷம் நான் கூட்டத்தில் சொன்னதேதான். விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். கடைசியில் யாராவது கேட்கப்போகிறார்கள் என்று சந்தோஷமாகப் போனேன்.

கைடு எழுந்தார். அந்த யூரிடினைச் செய்தது இந்த மாணவி, மெத்தனாலில் போட்டுக் கெடுத்தது இவளுடைய கவனக்குறைவு என்றார். கட்டுரையில் இல்லாத என் பெயர் தப்பில் முதல் பெயராக வந்துவிட்டது. மெத்தனாலில் கழுவச் சொன்னது நீங்கள் என்றேன். "இந்தப் பெண் தன் தவறை இன்று மறுக்கிறாள். ஆனால் போன நவம்பரில் இவளுடைய தந்தையே என் அறைக்கு வந்து, மகள் செய்த தவறுக்காகக் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். பூமிநாதன் சாட்சி" என்றார்.

பூமிநாதனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, வந்தாரு" என்றார்.

நவம்பரிலேயே என் தவறு உங்களுக்குத் தெரியும் என்றால் பிப்ரவரியில் ஏன் கட்டுரையை வெளிவர விட்டீர்கள் என்று கேட்டேன். "அப்போது நடத்தைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேலையில் செய்த தவறுக்காக என்று இப்போதுதான் புரிகிறது" என்றார். கமிட்டியில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். ராத்தா, அதை எழுதிக்கொண்டார்!

சென்னைக்குக் கயிறு வாங்கப் போனாராம். சளி பிடித்ததாம். எத்தனை கடிதம் எழுதினாய், ஒன்றிலாவது சொல்லியிருக்கலாமே? எந்த உரிமையில் வாப்பா எனக்காக மன்னிப்புக் கேட்டார்? நான் என்ன சம்மாட்டியின் வலையையா கிழித்தேன்? இந்த ஊர்வரை வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

அடுத்த அமர்வு செப்டம்பர் 21. இப்படியே போனால் கவனக்குறைவு என்னுடையது என்று எழுதி என் கையெழுத்தைக் கேட்பார்கள்.

காலிதா

*

பெரியபட்டினம்
28.8.1999

காலிதா,

ஸலாம். கேட்டாய், சொல்கிறேன். குறுக்கே பேசாமல் படி.

போன் கடைக்குத்தான் வந்தது. நான் பள்ளியில் இருந்தேன். உங்கள் மகள் பெரியவர்களை மதிக்கவில்லை, இப்படியே போனால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்று உன் கைடு தனக்குத் தெரிந்த சென்னைத் தமிழில் சொல்லியிருக்கிறார். வாப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னிடம், "நான் ஐதராபாத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

"எதுக்கு வாப்பா?"

"அவ வாத்தியாரு கோவமா இருக்காரு. போய் ஒரு மாப்புக் கேட்டா முடிஞ்சிரும்."

"அவ மேல தப்பே இல்ல."

"தப்பு இருந்தாத்தான் மாப்புக் கேக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னா? பெத்தவன் போய் நின்னா பெரிய மனுசனுக்கு மனசு ஆறிரும். அம்புட்டுத்தான்."

"அவளைப் பாத்துட்டாவது வாங்க."

"அவ மூஞ்சியப் பாத்தா எனக்குக் கேக்க வராது" என்றார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். வாப்பாவிடம் சொல்லாதே என்று நீயும் என்னிடம் கேட்டிருந்தாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். எனக்கு மட்டும் அது நன்றாக இருந்தது என்று நினைக்கிறாயா? பேனாவை எடுத்தால் மழையும் பரீட்சையும்தான் எழுத வந்தது.

உன் கடிதத்தை வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும், நீ என்னைத் திட்டியதையும் சேர்த்து. மகள் திட்டியது அவருக்கு உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது.

"மாப்பைக் கேட்டேன். சரின்னு தலையாட்டி வாங்கிக்கிட்டாரு. கற்கண்டையும் வாங்கிக்கிட்டாரு. வாங்கிக்கிட்டா அத்தோட முடிஞ்சுபோச்சுல்ல? அதை எடுத்து வச்சிருந்து எம்புள்ள கழுத்துல மாட்டுறாரா?" என்று கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து வாப்பா கடையில் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

21-ஆம் தேதி காலையில் வாப்பா அங்கே வந்து சேருகிறபடி டிக்கெட் போட்டாயிற்று. இந்தத் தடவை முதலில் உன்னிடம்தான் வருவார்.

என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள். நேரில் வரும்போது தீர்த்துக்கொள்ளலாம்.

நூர் நிஷா

*

ஐதராபாத்
23.9.1999

ராத்தா,

வாப்பா நல்லபடி ரயில் ஏறிவிட்டார். கடிதம் வருவதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். அவர் சொல்லமாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன்.

விடிந்ததும் விடுதி வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பை. என்னைக் கண்டதும், "என்ன, இப்படி மெலிஞ்சு போயிருக்க? இங்கன மீனே கிடைக்காதா?" என்றார். நான் சொல்வதற்காக வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பையை வாங்கிக்கொண்டேன். கேன்டீனில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். இரண்டு கைகளையும் உறையையும் அவருக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "விளங்கல. நீ சொல்றதை நம்பறேன், ஆனா விளங்கல" என்றார்.

கமிட்டி அவரை உள்ளே விடுவதற்கே யோசித்தது. அவர் பெயர் உங்கள் குறிப்பில் இருக்கும்போது அவர் ஏன் பேசக் கூடாது என்று கேட்டேன். விட்டார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்ல பூமிநாதனை அழைத்தார்கள்.

வாப்பா உட்காரவில்லை. நின்றே பேசினார்.

"நான் மாப்புக் கேட்டது நிசம். எங்க ஊர்ல பெரிய ஆளு கோவப்பட்டா பெத்தவன் போய் நிப்பான். யாரு மேல தப்புன்னு அங்கன விசாரிக்கிறது கெடையாது. இவருக்கும் அது தெரியும், தமிழ்நாட்டுல இருந்தவரு. எம்மவ செஞ்ச வேலை சரியா தப்பான்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. நான் கயிறு விக்கிறவன். ஒண்ணும் தெரியாதவன் கேட்ட மாப்பை வச்சு, எல்லாம் தெரிஞ்சவுக நீங்க எப்படித் தீர்ப்பு எழுதுவீக? அந்த வேலை தெரிஞ்சவ இந்தா நிக்கிறா. அவகிட்டக் கேளுங்க."

பூமிநாதன் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அப்போது அவர் இன்னும் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். மெத்தனாலில் கழுவுவது எங்கள் எல்லோருக்கும் கைடு சொல்லிக்கொடுத்தது என்ற வரி. அதற்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்த்து முடித்தார், மூடிக்கொண்டார்.

தந்தை மன்னிப்புக் கேட்டதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவதாகத் தலைவர் சொன்னார். பிறகு ஒரு தாளை என் முன் வைத்தார்கள். யூரிடின் தயாரிப்பின்போது மாணவியின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது என்பதற்குச் சம்மதம். கையெழுத்திட்டால் வேறு கைடிடம் சேர்ந்து சீக்கிரம் பட்டம் வாங்கலாம். இல்லாவிட்டால் 'மேல் நடவடிக்கை'.

வாப்பா என்னிடம், "என்ன எழுதியிருக்கு?" என்றார். சொன்னேன். அவர் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. "நான் வெளிய நிக்கிறேன்" என்று போய்விட்டார்.

நான் அவர்களிடம், இந்தத் தாளில் 'ஆய்வகத்தின் வழக்கம்' என்று எழுதுங்கள், என் பெயரையும் அதன் கீழே போடுங்கள், கைடு பெயரையும் போடுங்கள், உடனே கையெழுத்திடுகிறேன் என்றேன். இப்போது எதையும் சொல்லாமல் விடவில்லை, ராத்தா. எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் பாடத்திலிருந்து, படத்தைக் கையில் வாங்காதது வரை. 'இது வேறு விஷயம்' என்றார்கள். தாளை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் வாப்பாவிடம், பட்டம் வராது என்றேன். "கடையில வாரவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு, "இருக்கதச் சொல்லுவேன்" என்றார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இருந்தாலும் பச்சைத் துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

காலிதா

*

மதுரை
30.1.2000

அன்பு ராத்தாவுக்கு,

எல்லோருக்கும் ஸலாம். விடுதியில் அறை கிடைத்துவிட்டது, தண்ணீர்தான் உப்பு. உம்மாவுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் ஐதராபாத்தில் என் ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். டிசம்பர் இதழில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம், 'யூரிடின் தயாரிப்பின்போது மாணவர் ஒருவரின் கவனக்குறைவு.' பூமிநாதனுக்கு வேறு தலைப்பில் பட்டம் கொடுத்துவிட்டார்கள். கைடு இந்த மாதம் துறைத் தலைவர் ஆகிவிட்டார். நான் இங்கே முதல் வருஷ ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். அங்கே வேலை செய்த நான்கு வருஷம் கணக்கில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

காலிதா